மிஸ்ஸி வரும் செவ்வாய்க்கிழமைகள்

9.3.1981, திங்கள்
காலை 6.40. மழை விட்டும் தகரக் கூரை சொட்டுகிறது. மகள் வசந்தாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் (26.2.81, பி.ப. 3.20). பிரசவத்துக்குப் பின் வயிற்றில் சுற்றும் துணியை இன்னும் இறுக்கச் சொன்னேன். கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு ஆண்டு டிரஸ்ஸராக மருந்து கொடுத்தவன். தும்மியவள் குளியலறைக்கு ஓடினாள். கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா."

10.3.81, செவ்வாய்
அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தாதி வந்தாள், 10.05. மிஸ்ஸி என்கிறார்கள். வயது இருபத்து நான்குக்கு மேல் இராது. "அங்கிள், கொஞ்சம் வெளிய இருங்கலா." என் வீட்டில், என்னை. பலகைச் சுவர், எல்லாம் கேட்டது. வசந்தா அழுதாள். சிரித்தால், இருமினால், பிள்ளையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறதாம். எனக்குச் சொல்லாததை இவளிடம் அரை மணிக்குள்.

"யாரு இவ்ளோ இறுக்கிக் கட்டினது?"

"அப்பாதான் சொன்னாரு."

"தளர்த்திடுங்க அக்கா. இப்படி இறுக்கினா பாரம் கீழதான் இறங்கும். ஒண்ணுக்கையும் காத்தையும் சேர்த்து அடக்குற மாதிரி உள்ள இழுத்துப் பிடிங்க. அஞ்சு எண்ணி விடுங்க. பத்து தடவ, மூணு வேள. மூச்ச அடக்காதீங்க. ஒண்ணுக்குப் போறப்ப செய்யாதீங்க. ரெண்டு மூணு மாசம் ஆகும். சரியாகலன்னா டாக்டர்கிட்ட போலாம்."

பிழையில்லாத ஆலோசனை. அதுதான் பொறுக்கவில்லை.

13.3.81, வெள்ளி
பயிற்சிக்குக் கால அட்டவணை எழுதிக் கொடுத்தேன், மூன்று நிறத்தில். கைக்கடிகாரத்துடன் கதவருகே நின்று எண்ணினேன். "அப்பா, நீங்க எண்ணினா வரமாட்டேங்குது. போங்கப்பா." மாலை, அட்டவணை மைலோ டின்னுக்கு அடியில்.

17.3.81, செவ்வாய்
மிஸ்ஸி, 10.15. பத்து நிமிடத் தாமதம், யாரும் கண்டிக்கவில்லை. சுவருக்கு அப்பால் என் மனைவி செல்லம்மாளின் குரல். "எனக்கும் சரியாகுமாம்மா? இவ பொறந்ததுலேர்ந்து இருக்கு. இருபத்தாறு வருஷம்."

"இன்னிக்கே ஆரம்பிங்க ஆன்ட்டி. வயசானாலும் பலன் இருக்கு."

அவள் லூமுட் பேருந்தில் ஏற மறுத்தது, திருவிழாவில் பாதியில் திரும்பியது. என் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். எல்லா இடத்திலும் என் கையெழுத்தில் ஒரே சொல்: பிடிவாதம்.

18.3.81, புதன்
ஏன் இத்தனை ஆண்டு என்னிடம் சொல்லவில்லை என்று செல்லம்மாளிடம் கேட்டுவிட்டேன். வெங்காயம் உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுற பொம்பளைங்க உங்க மருந்தறையில வரிசையா நின்னு இதத்தானே சொன்னாங்க? பிள்ள பெத்தா அப்படித்தான், வேலைக்குப் போன்னு அனுப்பினீங்க. நானும் வெளிய பெஞ்சில உக்காந்து கேட்டேன். எனக்கு மட்டும் வேற மருந்தா வச்சிருந்தீங்க?"

எனக்கு எவரும் கற்பிக்கவில்லை, உண்மை. நான் எவரையும் கேட்கவுமில்லை. ஆயினும் அந்தப் பெண்ணிடமா முதலில்?

28.4.81, செவ்வாய்
வெயில். மிஸ்ஸிக்கு இன்று விடுமுறை. பணி நிமித்தமன்று, இவர்களைப் பார்க்கவே வருகிறாள். "நீங்க கடைக்குப் போயிட்டு மெதுவா வாங்க." மனைவியின் உத்தரவு. 9.55 முதல் 11.00 வரை கோப்பிக்கடை. இரண்டு கோப்பி, இரண்டும் ஆறின. திரும்புகையில், வாசல் கேட்டுக்கு வெளியிலேயே சிரிப்புச் சத்தம். மூவரும். செல்லம்மாளின் சிரிப்பு மட்டும் தனியே, உரக்க, அடக்காமல். இப்படியொரு சிரிப்பு அவளிடம் உண்டென்று எனக்குத் தெரியாது, மிஸ்ஸிக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றினேன். சிரிப்பு நின்றுவிட்டது.