நீ தேர்ந்தெடுத்த சூப்பர்சார்ஜர் மேட்டில் ஏறிவிட்டது

என் பிடிவாதக்கார ராஜு அண்ணாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியிலேயே எழுந்து போய்விடுவாய். போன ஞாயிற்றுக்கிழமை காலை, பாரம் இழுத்து மேடு ஏறும் போட்டியில், உன் டிரக் குவாரி மேட்டில் ஏறிவிட்டது. பின்னால் டிரெய்லர், டிரெய்லரில் இரண்டு கிரானைட் பாறைகள், மேலே சித்திரை வெயில். ஓட்டியது நான்.

ஆமாம், நான்தான். லேப்டாப்பைத் தவிர எதையும் தொடத் தெரியாதவள் என்று சனத்நகர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அதே சுமதி.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அண்ணி குகட்பள்ளி வீட்டிலேயேதான் இருக்கிறாள். உன் பையன் இப்போதும் நான் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்கிறான். வண்டி ஷெட்டை நானும் உன் மெக்கானிக் சலீம் பாயும் நடத்துகிறோம். உன் பழைய ஸ்டூலில் இன்னும் யாரும் உட்காருவதில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

உனக்கும் எனக்கும் நடந்த பெரிய சண்டை நினைவிருக்கிறதா? வெளிநாட்டிலிருந்து வந்து யாருமில்லாமல் துருப்பிடித்துக் கிடந்த எட்டு சிலிண்டர் பெட்ரோல் டிரக்கை நீ இழுத்துக்கொண்டு வந்தாய். அதற்கு சூப்பர்சார்ஜர் போடுவது என்று முடிவானது. என்ன வகை என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

நான் விசிறி வகை என்றேன். இன்ஜின் வேகம் ஏற ஏற அது காற்றை அதிகமாகத் திணிக்கும், உச்ச வேகத்தில் பறக்கும், கணினி வரைபடத்தில் பார்க்க அழகான கோடு. நீ இரட்டைத் திருகு வகைதான் என்று நின்றாய். இரண்டு திருகுகள் ஒன்றோடொன்று சுற்றி, இன்ஜின் மெதுவாக ஓடும்போதே காற்றை அமுக்கிக் கொடுத்துவிடும். "பாரம் இழுக்கிற வண்டிடி இது. நின்ன இடத்துல இருந்து பலம் வேணும். உன் கோடு அழகா இருந்து யாருக்கு லாபம்?" என்றாய். பேகம்பேட் ஒர்க்‌ஷாப்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். புல்டோசருக்குப் போட வேண்டியதை வண்டிக்குப் போடுகிறான் உன் அண்ணன் என்று என்னிடமே சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் நீ வாங்கினாய். அது வந்த வாரம் ஆயுத பூஜை. நான் லேப்டாப்பை வைத்து இன்ஜின் கணினியை டியூன் செய்தேன், மறுவாரம் வெள்ளோட்டம். மூன்றாவது ஓட்டத்திலேயே சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். பிஸ்டன் உடைந்துவிட்டது.

அன்று நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "நான் அப்பவே சொன்னேன்." ஒரு தடவை இல்லை, சாப்பிடும்போது, காரில் வரும்போது, அண்ணி எதிரில், சலீம் பாய் எதிரில். நீ சூப்பர்சார்ஜரைக் கழற்றி, அதோடு இருந்த சென்சார் எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டியில் போட்டு மூடினாய். நம் ஷெட்டில் உடைந்த சாமானில் அட்டை கட்ட வேண்டும் என்பது நீ வைத்த சட்டம்தானே? என்ன உடைந்தது, என்ன காரணம், யார் பொறுப்பான ஆள். நீ கட்டிய அட்டையில் உன் கையெழுத்து: "பிஸ்டன். காரணம்: தேர்வு தப்பு. ஆள்: ராஜு."

அதற்கு அப்புறம் அந்த டிரக்கைப் பற்றி நீ பேசவே இல்லை. அடுத்த பங்குனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து டிரக்கை விற்றுவிடலாம் என்று நானும் அண்ணியும் முடிவு செய்தோம். வாங்க வந்தவர் சூப்பர்சார்ஜரையும் பார்க்க வேண்டும் என்றார். அவருக்காகத்தான் பெட்டியைத் திறந்தேன். துடைத்து வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்தபோது, உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பார்க்கும் அந்தச் சின்ன சென்சார் கையில் வந்தது. அதன் நுனியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. எண்ணெய்க் கசடு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

சந்தனம், குங்குமம். பூட்டுவதற்கு முன்னால் பெஞ்சில் பரப்பியிருந்த சாமானுக்கெல்லாம் ஆயுத பூஜையன்று நான் வைத்தது. ஸ்பேனரிலிருந்து நட்டு வரைக்கும் ஒன்று விடவில்லை. புதுசுக்குக் கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருக்கிறேன்.

சலீம் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூட்டும்போது பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஹவ், தேகா," என்றார், பார்த்தேன் என்று. அப்புறம், "பூஜா கா சந்தன் தா மேடம், கைக்கு போஞ்ச்னா?" பூஜைச் சந்தனம், அதை எதற்குத் துடைக்க வேண்டும் என்று கேட்கிறார். அவர் மரியாதையாக விட்டுவைத்தார். நான் பக்தியாகப் பூசினேன். நடுவில் மாட்டிக்கொண்டது உன் பிஸ்டன்.

நீ பாதி நம்ப மாட்டாய் என்று தெரியும், சோதித்தும் பார்த்தேன். அண்ணியின் ஹேர் டிரையரை வாங்கி வந்து, அந்த சென்சாரையும் சுத்தமான ஒன்றையும் லேப்டாப்பில் இணைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் சூடான காற்றை ஊதினேன். சுத்தமானது சட்டென்று அறுபது டிகிரியைத் தாண்டியது. சந்தனம் பூசியது நாற்பதைக்கூட எட்டாமல் தூங்கி வழிந்தது. சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கும்போது அது கொதிக்கிறது. கொதிக்கிறது என்று தெரிந்தால் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காப்பாற்றும். நம் கணினிக்கு, காற்று குளுகுளுவென்று இருக்கிறது என்று என் சந்தனம் பொய் சொல்லியிருக்கிறது. நேரத்துக்கு முன்னால் பற்றிக்கொண்ட பெட்ரோல் பிஸ்டனை உடைத்துவிட்டது.

உன் தேர்வில் ஒரு தப்பும் இல்லை, அண்ணா. இதைச் சொல்ல நீ இல்லையே என்று ஷெட் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். உன் மேல் கோபமும் வந்தது. என்னைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நீ டியூன் செய்த லட்சணத்தைப் பாருடி என்று ஒரு சண்டை போட்டிருந்தால், அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து தேடியிருப்போமே?

வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். புது பிஸ்டனும் சுத்தமான சென்சாரும் போட்டு சலீம் பாய் இன்ஜினைக் கட்டினார். டியூனிங்கை நான் வேண்டுமென்றே உச்சி வெயிலில் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் நம் எதிரி சூடுதான். ஸ்பார்க் விழும் நேரத்தை ஒவ்வொரு டிகிரியாக முன்னால் தள்ளினேன். ஹெட்போனில் இன்ஜின் லேசாகத் தட்டும் சத்தம் முதல் தடவை கேட்டதுமே இரண்டு டிகிரி பின்வாங்கினேன். பாரம் ஏறும்போது பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன். காற்றைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்பை மாற்றினேன்.

எல்லாம் சரியாக வந்ததும் எனக்கு ஆசை வந்தது. பெல்ட் சுற்றும் புல்லியைச் சின்னதாகப் போட்டால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் கொஞ்சம் பலம் கிடைக்கும். கையில் எடுத்தும் விட்டேன். சலீம் பாய் தலையை ஆட்டி "நக்கோ" என்று ஒரே வார்த்தை சொன்னார். வேண்டாம். பெரிய புல்லி நீ பூட்டியது. அப்படியே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு அண்ணியும் வந்தாள், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. அவள் பானெட்டைத் திறக்கச் சொன்னதும் நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. அங்கேயே, டயர் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். உன் அட்டையைப் பற்றியும் சொன்னேன்.

"அவரு இருந்தா மொதல்ல உன்னைத் திட்டியிருப்பாரு," என்றாள். "அப்புறம் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு. போ, ஏறிட்டு வா."

சந்தனத்தைப் பானெட்டுக்கு வெளியே மட்டும் வைத்தாள். தாராளமாகத்தான் வைத்தாள்.

போட்டி விதி உனக்குத் தெரியும். ஓடி வந்து ஏறக்கூடாது, அடியில் நின்று கிளம்ப வேண்டும். பேகம்பேட்காரர் எனக்கு முன்னால் போனார். விசிறி வகைதான். இன்ஜின் அலறியது, சக்கரம் மண்ணைத் தோண்டியது, பலம் வருவதற்குள் வேகம் செத்துவிட்டது. பாதி மேட்டில் நின்று பின்னால் இறங்கினார். நான் கேட்டிருந்த அழகான கோடு என் கண் எதிரிலேயே சறுக்கி வந்தது.

என் முறை வந்தது. மெதுவாகத்தான் மிதித்தேன். சூப்பர்சார்ஜர் மெல்லச் சீறியது, டிரக் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கியது, அப்புறம் ஏறியது. அலட்டலே இல்லை. காலால் நான் அழுத்திய அளவுக்கு அது இழுத்தது, வளைவில்கூடத் தயங்கவில்லை. என் கண் காற்றின் சூட்டைக் காட்டும் எண்ணிலேயே இருந்தது: அறுபது, அறுபத்தைந்து, அதற்கு மேல் போகவில்லை. உச்சியில் நிறுத்தியபோது வாய் காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது. அன்று மேலே வந்தது நாம் மட்டும்தான்.

கீழே இறங்கியதும் பேகம்பேட்காரர் நேராக வந்து கை கொடுத்தார். "மீ அன்னய்ய செப்பிந்தே கரெக்ட், அம்மா," என்றார். உங்கள் அண்ணன் சொன்னதுதான் சரி. எல்லோர் எதிரிலும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். நல்ல மனிதர், சொன்னார். அண்ணி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்று ஷெட்டில் உன் அட்டையை அவிழ்த்தேன். கிழிக்க மனசு வரவில்லை, உன் கையெழுத்து ஆயிற்றே. அதன் பின்பக்கத்தில் எழுதி, அந்த சென்சாரோடு சேர்த்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன்: "பிஸ்டன். காரணம்: சந்தனம். ஆள்: சுமதி."

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆயுத பூஜை வருஷா வருஷம் நடக்கும், சந்தனம் வெளியே மட்டும். இந்த ஷெட்டில் என்ன உடைந்தாலும் யாரிடமும் "நான் அப்பவே சொன்னேன்" என்று இனி சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்வதற்கு மட்டும் ஒன்று பாக்கி இருக்கிறது, ரொம்ப நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

நீ அப்பவே சொன்னாய், அண்ணா.

உன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்
உன் தங்கை,
சுமதி