புன்னைக்காயலில் நின்றுபோன மோட்டார்

மேலப்பாளையம்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் ரைஹானத்துக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் முழுசாக அப்படி எழுத மனசு வரவில்லை. நீயும் மருமகனும் பிள்ளை அர்வாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் வாப்பாவின் காது இங்கேதான் இருக்கும். அதனால் நாளை கத்தார் திரும்பும் காஜா முகைதீன் கையில் உறையை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். பிரித்துப் பார்த்த மாதிரி இருந்தால் சொல்லு.

வாப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. கனம் தூக்கக் கூடாது, எதையும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அந்த மனிதர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார். பழைய மோட்டார் படகுக் கழகமாம். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஐயம்பெருமாள் அண்ணாச்சிதான் தலைவர். நாற்பது ஐம்பது வருஷத்து மோட்டார்களை எங்கெங்கோ பழைய இரும்புக் கடையில் பொறுக்கி, சின்னப் படகுகளின் பின்னால் மாட்டி, மாதம் ஒரு ஞாயிறு ஓட்டுகிறார்கள். தலைச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால்தான் அதற்கு உயிர் வரும். அவரவர் மோட்டாரை அவரவர்தான் இழுக்க வேண்டும் என்று சட்டம் வேறு. நான் தொடுவதே இல்லை, புன்னைக்காயல் பையன் பெர்லின்தான் இழுத்துத் தருகிறான் என்று இவர் சத்தியம் செய்கிறார். நம்புவேனா? உள்ளங்கையில் கொப்புளம். கேட்டால் மண்வெட்டி பிடித்தேன் என்கிறார். நம் வீட்டில் மண் எங்கே இருக்கிறது, வாசல்வரை சிமெண்டுத் தரை. சட்டைப் பையில் ஆறு இதழோடு ஒரு ரப்பர் பூ. கேட்டால் வாஷிங் மெஷினுக்கு உள்ளதாம். மெஷின் பார்க்க வந்த நாசரிடம் காட்டினேன். இது நம்ம மெஷின் சாமானே இல்ல லாத்தா, படகு மோட்டார்ல தண்ணி இழுக்கதுல்லா என்றான். நீ அனுப்பின பேரீச்சம்பழ டப்பாவில் வந்ததுதானே அது? நீயும் கூட்டுக்களவாணி என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

சரி, கையும் களவுமாகப் பிடிப்போம் என்று நேற்று நானும் கூடவே கிளம்பிவிட்டேன். புன்னைக்காயலில், ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஏழு படகு நின்றது. ஐயம்பெருமாள் அண்ணாச்சி வாங்கம்மா வாங்கம்மா என்று அப்படி ஒரு மரியாதை, அதிலேயே எனக்குச் சந்தேகம். பெர்லின் ஓடிவந்து கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பிக் கொடுத்தான். என்னைக் கண்டதும் அந்தச் சட்டம் எங்கே போயிற்று? எனக்காகப் போடுகிற நாடகம் என்று நினைத்து, விடாமல் வாப்பா படகிலேயே ஏறி அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். பெட்ரோல் நாற்றம் தாங்கவில்லை. புர்காவெல்லாம் நாறுது என்று கத்தினேன். அவர் டேங்க் மூடியில் இருந்த ஒரு சின்னத் திருகை இறுக்கினார். நாற்றம் குறைந்தது. கொஞ்ச தூரம் போனதும் மோட்டாரும் இருமி இருமி நின்றது. அந்தத் திருகு வழியாகத்தான் டேங்குக்குள் காற்றுப் போகுமாம், அடைத்தால் பெட்ரோல் இறங்காதாம். இருபது வருஷம் சவூதியில் மெக்கானிக்காக இருந்த மனிதர் என் வாய்க்குப் பயந்து அதை அடைத்திருக்கிறார். மற்றப் படகுகள் முன்னால் போய்விட்டன. கடல் வற்றுகிற நேரம், ஆற்றுத் தண்ணீர் எங்கள் படகைக் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனது.

இப்போது இழுப்பார், பிடித்துவிடலாம் என்று அவர் கையையே பார்த்திருந்தேன். திருகைத் திறந்தார். கயிற்றைச் சுற்றினார். அதோடு சரி. முகமெல்லாம் வேர்வை. என்ன செய்யுது என்றேன். இழுக்கப் பயமா இருக்குளா ஜுபைதா என்றார். கொப்புளம் மோட்டாருக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் வந்ததாம், கயிற்றை ஒருநாளும் தொட்டதில்லையாம். பெருநாளுக்குப் பொறவு ரெண்டு தடவ நெஞ்சு வலிச்சுது, உன்ட்ட சொன்னா நீ தூங்க மாட்ட, அதான் ரைஹானத்துட்ட மட்டும் சொன்னேன் என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அழுது என்ன செய்ய, படகு போய்க்கொண்டிருக்கிறது. குனிந்தபடியே இடம் மாறி, கயிற்றை நான் வாங்கினேன். மூன்று இழுப்புக்கு ஒன்றுமில்லை, தோள்பட்டை கழன்றுவிட்டது. நாலாவதில் யா அல்லாஹ் என்று இழுத்தேன், பிடித்துக்கொண்டது. கரைக்கு அவர்தான் ஓட்டி வந்தார். வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இன்று காலையிலேயே பாளையங்கோட்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன், உள்ளேயும் கூடவே போய் உட்கார்ந்தேன். புதன்கிழமை ஆஞ்சியோ பார்க்க வேண்டும், அதுவரை அசையாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உன்னிடம் போனில் சும்மா செக்கப் என்பார், நம்பாதே. பிள்ளைக்கு ஏசியை ராத்திரி முழுக்கப் போடாதே, சளி பிடிக்கும். மருமகனுக்கு ஸலாம் சொல்லு. அல்லாஹ் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், வாப்பாவுக்காக ஐந்து வேளையும் கையேந்து. ஒன்றை மட்டும் மறக்காதே ரைஹானத். அவர் உன்னிடம் இனி எது சொன்னாலும் அந்த நிமிஷமே எனக்குச் சொல்லு. தூக்கம் கெட்டால் கெடட்டும். அவர் வலியோடு பக்கத்தில் படுத்திருக்க, நான் தெரியாமல் தூங்கியிருக்கிறேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு உன் உம்மா,
ஜுபைதா பீவி