கடைசி அத்தியாயத்தில் திருந்துகிறவன்

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் புதுக் கிறிஸ்தவ நாவல்களைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். குடும்பத்தோடு படிக்கலாம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும் மூன்று நாவல்கள். மூன்றும் ஒரே நாவல்தான். முத்தம் வர வேண்டிய இடத்தில் ஜெபம் வருகிறது, கடைசி அத்தியாயத்தில் குடிகாரன் முழங்கால் போடுகிறான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவதை எழுதிய எஸ்தர் அக்கா முன்வரிசையில்தான் இருந்தாள். அவள் கதையில் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்ததுமே புருஷன் திருந்திவிடுகிறான். அதையும் நான் விடவில்லை.

"சீசனுக்கு அருவியில நிக்கவன்ல பாதிப்பேரு குடிச்சிட்டுத்தான் நிக்கான், அக்கா. எவன் திருந்திட்டு வாரான்?"

இன்னும் சிரித்தார்கள். அவள் புருஷன் குடித்தே செத்தது அங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அக்கா மெதுவாகத்தான் சொன்னாள். "ஏட்டி, எங்க வீட்டுக்காரரு திருந்தாமலே போயிட்டாரு. அதான் கதையிலயாவது திருந்த வச்சேன்."

அதற்குப் பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை மறுபடியும் படித்தேன். இப்போதாவது அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மோசமாகத்தான் எழுதியிருக்கிறாள்.