நோட்டில் எழுதாத பருத்திக்கொட்டை

உப்பிலியபுரம்,
ஆவணி 18

அன்புள்ள சுப்ரஜா அக்காவுக்கு,

செல்லக்கண்ணு மகள் வேணி வணங்கி எழுதுவது. ஸ்ரீரங்கத்தில் உங்கள் அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே எல்லோரும் நலம். கன்று புல் கடிக்கத் தொடங்கிவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் போன் அப்பாவிடம் இருக்கிறது. கையில் கொடுத்தாலும் எனக்குச் சட்டென்று பேச வராது. பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் நீங்கள் எழுதித் தந்த விலாசத்துக்கே எழுதுகிறேன்.

நீங்கள் எங்களிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்த புது மக்காச்சோளத்தைப் பற்றித்தான். இலையின் நடு நரம்பு பழுப்பாக இருக்கும், தண்டு மாட்டுக்கு எளிதில் செரிக்கும், அதற்காகவே பல வருடம் பொறுக்கி எடுத்து உருவாக்கிய ரகம் என்றீர்கள். பழைய ரகத்தையும் புதியதையும் நறுக்கித் தனித்தனிப் பைகளில் மிதித்து அடைத்து, நாற்பத்தைந்து நாள் புளிக்கவிட்டுப் பிரித்தோம். இருபது நாள் பழைய ரகத்தின் சைலேஜ், அடுத்த இருபது நாள் புதியதன் சைலேஜ். மற்றத் தீவனம் எதையும் மாற்றக் கூடாது என்றீர்கள். பால் எட்டு லிட்டரிலிருந்து ஒன்பதரைக்கு ஏறியதை நான்தான் அளந்து எழுதினேன். அளவு பொய் இல்லை அக்கா. எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

புது சைலேஜ் வைத்த நான்காம் நாளிலிருந்து அப்பா பருத்திக்கொட்டையும் அரைத்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றதும், “அந்தப் பொண்ணு இந்த வெயில்ல மூணு பஸ் மாறி வருது. பால் ஏறலைன்னா முகம் வாடிப் போயிடும்ல?” என்றார். அம்மா உள்ளேயிருந்து, “மாட்டுக்கு மட்டும் விருந்து. பெத்த பொண்ணுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் உண்டா இந்த வீட்டுல?” என்று கத்தினாள். அப்பா சிரித்தார். நானும் சிரித்துவிட்டு நோட்டில் ஒன்பது என்று எழுதினேன். உங்களை ஏமாற்றுகிறோம் என்று அவர் நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தவரைச் சந்தோஷமாக அனுப்புகிறோம் என்றுதான் நினைத்தார்.

இப்போது நீங்கள் எங்கள் நோட்டை விவசாயிகள் கூட்டத்தில் காட்டி, புரட்டாசிப் பட்டத்துக்கு இந்த விதையையே எல்லோருக்கும் கொடுக்கப் போவதாக அப்பா சொன்னார். பக்கத்துக் காட்டு அழகிரி சித்தப்பா முழுக் காட்டிலும் இதையே போடப்போகிறாராம். அவருக்கு ஒரே மாடு. பருத்திக்கொட்டை வாங்க அவரால் முடியாது. சித்திரைக் காற்றில் எங்கள் புதுச் சோளம் பாதி சாய்ந்து கிடந்ததும், அதனால் பழைய ரகத்தைவிடச் சைலேஜ் பை நான்கு குறைந்ததும் அவருக்குத் தெரியாது. ஒன்பதரை மட்டும்தான் தெரியும்.

போன வாரம் அப்பா ஜீயபுரத்தில் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போய் எட்டு நாள் தங்கினார். மிச்சமிருந்த புது சைலேஜை அந்த எட்டு நாளும் பருத்திக்கொட்டை இல்லாமல் வைத்தேன். பால் எட்டரையில் நின்றது. மாடு கன்று போட்டு நாளாகிறது, அதனாலும் குறைந்திருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பழைய சைலேஜில் தினமும் அரைக் கூடை தண்டு தொட்டியிலேயே கிடக்கும். புதியதில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை, தொட்டியை நக்கி வைத்தது. உங்கள் சோளம் மோசமில்லை அக்கா. நாங்கள் சொன்ன அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். எட்டு நாள் கணக்கையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எழுதியது என்று தள்ளிவிடாதீர்கள். தினமும் இரண்டு வேளை, லிட்டர் படி பார்த்துத்தான் அளந்தேன்.

கூட்டத்துக்கு முன்னால் ஒருமுறை வாருங்கள். அப்பா இளநீர் வெட்டுவார். வேண்டாம் என்று சொல்லாமல் குடியுங்கள். அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். என்னைக் கூப்பிடுங்கள். கொட்டகையில் இருப்பேன். வந்து, அப்பா எதிரிலேயே, நானே சொல்கிறேன். சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை கிளம்பிவிடாமல் உட்கார்ந்திருங்கள்.

அம்மாவின் கால் சீக்கிரம் குணமாக ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மரியாதை குறையாத
செ. வேணி