ஒட்டிக்கொண்ட ஒன்பது தட்டுகள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று கொட்டகையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மெக்கானிக் அண்ணன், வீட்டின் சொந்தக்காரம்மா, அவர் தோளில் அவருடைய பூனை. ஐந்து பேர் என்றே எழுதுகிறேன். பூனைதான் எல்லாரையும்விடக் கவனமாகப் பார்த்தது.

அக்காவின் மோட்டார் சைக்கிள்மேல் கிடந்த போர்வையை ஒன்பது வருஷம் கழித்து எடுத்தோம். வீடு வீடாகப் பிரசவம் பார்க்கப் போவாள் இதில். வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்ததும் எங்களிடம் விட்டுப் போனாள். இப்போது சொந்தக்காரம்மாவுக்குக் கொட்டகை வேண்டும், பதினைந்தாம் தேதிக்குள்.

அண்ணன் கார்புரேட்டரைக் கழுவி, புது பெட்ரோல் ஊற்றி, பிளக் மாற்றினார். பதினேழாவது உதையில் கிளம்பியது. ஒன்பது வருஷம் மூச்சே இல்லாமல் கிடந்தது! நான் அறியாமலே கைகூப்பிவிட்டேன். அவர் கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டதுதான் தாமதம் - வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து பூந்தொட்டியை உடைத்துவிட்டு அணைந்தது. பூனை சொந்தக்காரம்மாவின் தலைமேல்.

“கிளட்ச் பிடிச்சிருக்கு தங்கச்சி. உள்ள தட்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. கைப்பிடிய அழுத்தினா பிரியணும். பிரியல.”

சொந்தக்காரம்மா பூனையை இறக்கிக்கொண்டே சொன்னார்: “ஓடுற வண்டின்னா வாசல்ல நிறுத்திக்கங்க. ஓடாத இரும்புக்கு என் வீட்ல இடம் கிடையாது.”

அண்ணன் தன் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார். பதினாறாம் தேதிதான் வருவாராம். ஒரு வைத்தியம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 4, புதன்

அக்காவுடன் போனில் பேசினேன். “அது செத்த வண்டிடி. பழைய இரும்புக்குப் போட்டுடு” என்றாள். சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூன் 5, வியாழன்

வைத்தியம்: கிளட்ச் கைப்பிடியை அழுத்தித் துணியால் கட்டிவைக்க வேண்டும். மறுநாள் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். நேற்று மாலை கட்டினேன். இன்று அறுபது முறை ஆட்டினோம். தட்டுகள் பிரியவில்லை. வீட்டுக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “பிடிச்ச பிடிய விடாததுல உனக்குக் கூடப்பிறந்தது இது” என்றார்.

சனிக்கிழமை பதினான்காம் தேதி வரச்சொல்லி இரும்புக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 7, சனி

சீட்டுக்கு அடியில் வண்டியின் புத்தகம் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். எட்டாவதோடு நின்றவள் நான்; சோப்பு உறையிலும் மருந்து அட்டையிலும் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் இங்கிலீஷ் கற்றேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நாலு பக்கம் படித்தேன். படம் இருக்கிறது. படம் எல்லா மொழியிலும் பேசும்.

நானே திறக்கப் போகிறேன். சொன்னதும் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மிக்ஸியத் திறந்த கையி. ம், திற” என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

பிரார்த்தனை முடித்து ஆரம்பித்தேன். ஆயிலை வடித்தேன், கறுப்புக் கஷாயம். வலப்பக்க மூடியில் பதினொரு திருகாணி. ஒவ்வொன்றும் ஒரு நீளம். மூடியின் உருவத்தை அட்டையில் வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்திலேயே குத்திவைத்தேன். எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். வீட்டில் ஒரு ஸ்பூன் குறைந்தாலே எனக்குத் தூக்கம் வராது.

மூடி வந்தது.

ஆண்டவரே. எழுத வரவில்லை. நம் வீட்டுக் கொட்டகையில், போர்வைக்கு அடியில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது! பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் பல்சக்கரம். நடுவில் ஒரு கிண்ணம். நாலு ஸ்பிரிங்கைக் கழற்றினால் அதற்குள்ளே தட்டுகள்: தக்கை மாதிரி முகம் உள்ளவை ஐந்து, வெறும் இரும்பு நாலு, மாற்றி மாற்றி. ஒன்பதும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. கண்ணில் படாத இடத்தை யாரோ இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள். யார் பார்ப்பார்கள் என்று செய்தார்கள்?

ஸ்பிரிங் இந்தத் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும்போது இன்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போகிறது. கைப்பிடியை அழுத்தினால் பிடி தளர்கிறது, பலம் போவதில்லை. அவ்வளவுதான். அவ்வளவுதானா! சமையலைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

ஸ்குரூடிரைவரால் நெம்பப் போனேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்தார்.

அவர் பைண்டிங் வேலை செய்பவர். மழையில் நனைந்து ஒட்டிப்போன புத்தகங்கள் அவரிடம் வரும். “நெம்பினா பக்கம் கிழியும். ஒரு ஓரத்துல காத்து நுழையட்டும், மத்தத அதுவே பாத்துக்கும்” என்றார். தாள் பிரிக்கும் மெல்லிய தகட்டைக் கொண்டுவந்தார். ஆயிலில் தோய்த்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ‘ப்ச்’ என்று ஒரு சத்தம், முத்தம் மாதிரி. முதல் தட்டு அவர் கையில் வந்துவிட்டது.

இருபத்துமூன்று வருஷமாக அந்தக் கை சோற்றைப் பிசைவதைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதும் பிரிந்தன. ஒரு கீறல் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

நான் ஒரு மடச்சி.

ஒன்பதையும் பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணிக்கொடிக்குக் கீழே வரிசையாக வெயிலில் காயவைத்தேன். என்ன மினுமினுப்பு! பெருமை தாங்காமல் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“ஐயையோ தங்கச்சி! அது என்ன சாப்பாட்டுத் தட்டா? தக்கைத் தட்டு எண்ணெய் குடிச்சு வாழுற ஜென்மம். காய்ஞ்சத மாட்டினா உடனே தீஞ்சிடும்!”

கெடுத்துட்டேனா? அதிகம் தெரிஞ்சவ மாதிரி ஆடினேனே, அதுக்குத்தான் இது. அவர் பொறுமையாகச் சொன்னார்: சோப்பு துளிகூட இல்லாமல் அலசி, நன்றாகக் காயவைத்து, தக்கை உதிராமல் இருந்தால் புது ஆயிலில் ஊறப்போடு. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உதிரவில்லை. பெரிய தட்டத்தில் ஆயில் ஊற்றி ஐந்தையும் மூழ்கவிட்டேன். சின்னச் சின்னக் குமிழி வந்தது. குடிக்கிறது! நிஜமாகவே குடிக்கிறது.

ஜூன் 11, புதன்

ஊறுகிறது. தொடவில்லை. ஆறு தடவை போய்ப் பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன்

தக்கை, இரும்பு, தக்கை, இரும்பு - சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே அடுக்கினேன். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில், ஆயில் கசியாமல் இருக்க வைக்கும் தாளை வீட்டுக்காரர் வெட்டினார். “இதுவும் அட்டை போடற வேலைதான், புத்தகம்தான் கொஞ்சம் கனம்” என்றார். பதினொரு திருகாணியும் வீடு திரும்பின. புது ஆயில் ஊற்றினேன். கிளப்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. நாளை.

ஜூன் 13, வெள்ளி

பார்க்கவில்லை. சோப்பு மிச்சம் இருந்திருந்தால்?

ஜூன் 14, சனி

இரும்புக்காரர் ஒன்பது மணிக்கே தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். “எங்கம்மா சரக்கு?” என்றார். ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் நானே சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். நாலாவது உதையில் கிளம்பியது. கிளட்சைப் பிடித்தேன். முதல் கியர். கண்ணை மூடிக்கொண்டேன்.

பாயவில்லை.

கண்ணைத் திறந்தேன். அடியில் இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் அசையாமல் நிற்கிறது. ஒரு குதிரையின் பலத்தையும் என் இடது கையின் நாலு விரல் நிறுத்தி வைத்திருக்கிறது! ஆண்டவரே, இந்தக் கைக்கா? விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பூமி நகர்கிற மாதிரி வண்டி நகர்ந்தது. கொட்டகையிலிருந்து வாசல்வரை நாற்பது அடி. கால் இரண்டும் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தன, அது வேறு விஷயம்.

இரும்புக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். “ஓடுறத உடைக்கக்கூடாதும்மா, பாவம்” என்று சொல்லி, உடைந்த பூந்தொட்டியின் கம்பி வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். சொந்தக்காரம்மா வாசலில் இடம் காட்டினார். வீட்டுக்காரர் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று தபாலில் போட்டதன் நகல்:

அன்புள்ள அக்கா, நீ இரும்புக்குப் போடச் சொன்னாய், நானும் சரி என்றேன். போடவில்லை, மன்னித்துக்கொள். கிளட்ச் பிரிந்துவிட்டது, நாங்களே பிரித்தோம். போனில் கேட்டால் மறுபடியும் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. வண்டியை எனக்குக் கொடுப்பாயா? விற்க இல்லை, ஓட்ட. லைசென்ஸ் வாங்கப் பயிற்சிக்குப் பேர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முடியாது என்றால் முடியாது என்றே எழுது, வருத்தப்பட மாட்டேன். ஆனால் சீக்கிரம் பதில் போடு.