நன்றி சொல்லக் கூடாத வார்த்தை

ஜுவான்வீல்,
1961 பிப்ரவரி 9, வியாழன்.

என் செல்லப் பேத்தி வியோலெத்துக்கு, பாட்டி லெயோந்தின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து எழுதுவது.

உன் கடிதம் திங்களன்று கிடைத்தது. நாடகத்தில் கதாநாயகி நீதான் என்று போன கடிதத்தில் படித்ததுமே பேக்கரிக்காரி மதாம் ப்ரூனேயிடம் சொல்லிவிட்டேன். அவள் ரொட்டிக்கு நின்ற அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். நீ இருக்கும் மொன்ரியால் நகரத்துச் சுவரெல்லாம் உன் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்களாம் என்று தெருவே பேசுகிறது. அந்தச் சுவரை நான்தான் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். இப்போது நீ, வேடத்தை இன்னொரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன் என்கிறாய். "தாத்தாவுக்கே என்மேல் நம்பிக்கை இல்லை, பார்க்க வருகிறவர்களுக்கு எங்கிருந்து வரும்" என்று எழுதியிருக்கிறாய். ஊரை விட்டுப் போனதிலிருந்து அவரைப் பற்றி நீ எழுதிய முதல் வரி அதுதான்.

தாத்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உட்கார்ந்து படி. மூன்று வாரத்துக்கு முன் சவரம் செய்துகொண்டிருக்கும்போது விழுந்துவிட்டார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. இங்கே மழை விடவில்லை, ஆற்றில் தண்ணீர் ஏறிக்கிடக்கிறது. பஸ் பிடித்து தினமும் போய்ப் பார்க்கிறேன். முன்பே எழுதியிருக்கலாம். நாளைக்குப் பேசிவிடுவார், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

முதல் வாரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு மத்தியானம், சிஸ்டர் அகாத் சூப்பை வாய்க்கருகே கொண்டு போனதும் தெளிவாக ஒரு வார்த்தை வந்தது. எந்த வார்த்தை என்று உனக்குத் தெரியும். மேடை ஏறப் போகிறவரிடம் நன்றாக நடி என்று சொன்னால் விளங்காது, அந்த நாற்றம் பிடித்த வார்த்தையைத்தான் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது உங்கள் நடிகர் கூட்டத்து வழக்கம். எழுத எனக்குக் கை கூசுகிறது. சாணி என்று எழுதுகிறேன், நீ சரியானதைப் போட்டு வாசித்துக்கொள்.

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். இங்க கன்னியாஸ்திரிங்க இருக்கோம் மிஸ்யே கப்ரோல், கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க என்றார். தாத்தா அதற்கும் சாணி என்றார். டாக்டரைக் கேட்டேன். மத்ததெல்லாம் அழிஞ்சாலும் கெட்ட வார்த்தை மட்டும் சில பேருக்குத் தங்கிடும்மா, அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாது, தும்மல் மாதிரி என்றார். படித்த மனிதர், தெரியாமல் சொல்ல மாட்டார்.

ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உன் தாத்தா என்னவெல்லாம் செய்கிறார் என்று நீ பார்க்க வேண்டும். சூப் ஆறிவிட்டால் ஒரு மாதிரி. ஊசி போட வந்தால் ஒரு மாதிரி. சிஸ்டர் தலையணையைச் சரிசெய்தால் சினிமாவில் போட்ட பாதிரியார் வேடத்துக் குரலில், கனிவாக. இப்போது சிஸ்டரே வாசலில் நின்று, இன்னிக்கு என்ன வேஷம், ஸ்டேஷன் மாஸ்டரா, நோட்டரியா என்று கேட்கிறார்.

சினிமாவில் அவர் போட்டதெல்லாம் துண்டு வேடங்கள்தானே: வெயிட்டர், போஸ்ட்மேன், கதவு திறக்கிறவன், ஒரு தடவை பிணம். ஒரு போலீஸ்காரன் வேணும், கப்ரோலைக் கூப்பிடு என்பார்கள். பிஸ்கட் டப்பாவில் சொந்த ஒட்டுமீசைகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் போலீஸ் சட்டையின் இடுப்பை ஸ்டுடியோத் தையல் அறையில் எத்தனை முறை தளர்த்தியிருப்பேன். எல்லோருக்கும் அவர் முகம் தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. நாம் தீஜோனுக்குப் போன ரயிலில் ஒருவன், நீதானே என் கடைக்கு வந்த வரி அதிகாரி என்று சண்டைக்கு வந்தானே, ஞாபகம் இருக்கிறதா? தாத்தா மறுக்கவே இல்லை. ஆமாம், போன வருஷம் கொஞ்சம் கூடத்தான் போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க என்றார். அவன் இறங்கும்போது கை குலுக்கிவிட்டுப் போனான். நீ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாய்.

இது உனக்குத் தெரியாது. யுத்தத்துக்கு முன் ஒரு முறை அவருக்குப் பெரிய வேடம் கிடைத்தது. கால்வாய் மதகுக்காரன், மனைவியை இழந்தவன், படம் முழுக்க அவன்தான். பாதிப் படம் எடுத்ததும் நின்றுவிட்டது. மறுவருடம் திரும்ப ஆரம்பித்தபோது மதகுக்காரன் வேடத்துக்கு ஓர் அழகனைப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனாக நடிக்கத் தாத்தாவைக் கூப்பிட்டார்கள். போகாதீங்க என்று நான் அழுதேன். கதவைத் தட்டறதுக்கும் ஒருத்தன் வேணுமே லெயோந்தின் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் நாளே அந்த அழகனிடம் போய் சாணி என்று சொல்லியிருக்கிறார். மனதாரத்தான் சொன்னார், எனக்குத் தெரியும்.

விளக்குத் தூக்குகிறவனுக்குக்கூடச் சொல்வார். உனக்கு மட்டும் சொல்லவில்லை. நீ கிளம்பிய அன்று சான் லசார் ஸ்டேஷனில் பெட்டியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். எதற்கு நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அங்க குளிர் அதிகம், மஃப்ளரைக் கழட்டாதே என்றார். உன் முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன்.

மறுநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் தானாகவே சொன்னார். சொன்னா போயிடுவாளேன்னு சொல்லாம இருந்தேன், சொல்லாமலும் போயிட்டா. கஃபேயில், வேடத்துக்குக் கூப்பிடும் டெலிபோன் மணிக்காகக் காத்துக்கிடந்து அவர் தேய்ந்தது போல நீயும் தேய வேண்டாம் என்று நினைத்தார், கண்ணே. நம்பிக்கை இல்லாமல் இல்லை. எழுதுங்களேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். இதைக் காகிதத்தில் எழுதினா பலிக்காது, நேர்லதான் சொல்லணும், அவ வரட்டும் என்பார். வீட்டில் அதற்குமேல் அந்தப் பேச்சு எடுப்பதில்லை.

நேற்று உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். விட்டுக்கொடுக்கிறேன் என்ற இடம் வந்ததும் இடது கையால் என் பையைக் காட்டினார். அதில் இருந்த உன் போட்டோவைக் கொடுத்தேன். மார்பில் வைத்துக்கொண்டு, உன் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார். சூப்புக்குச் சொல்லும் குரல் இல்லை, சிஸ்டருக்குச் சொல்லும் குரலும் இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எதிரில் நிற்கிறவர் பதில் வசனத்தைச் சொல்லட்டும் என்று மேடையில் காத்திருப்பதுபோல. நான் முட்டாள். இத்தனை வருடம் ஒரு நடிகனோடு குடித்தனம் நடத்தியும், உனக்காக நன்றி என்று சொல்லிவிட்டேன்.

கட்டிலை ஓங்கி அடித்தார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாணிக்கு நன்றி சொன்னால் அதிர்ஷ்டம் அத்தனையும் போய்விடுமே. மறுபடி போட்டோவைத் தூக்கிப் பிடித்து, முதலிலிருந்து சொன்னார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. என்னையே கொஞ்சநேரம் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனார்.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

நேரில்தான் சொல்ல வேண்டும் என்றார் அல்லவா, உன் போட்டோவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்த வேடத்தை யாருக்கும் கொடுக்காதே. இதைப் படித்ததும் ஓடி வந்துவிடாதே, விமானத்துக்குக் கடன் வாங்காதே. கடைசிக் காட்சிவரை நடித்து முடி, கும்பிடு போடு, பூ கொடுத்தால் வாங்கிக்கொள், அப்புறம் வா. அதுவரை அவர் இருப்பாரா என்று டாக்டரை நான் கேட்கவில்லை, நீயும் என்னைக் கேட்காதே. காத்திருப்பது அவருக்குப் பழகின வேலை.

மஃப்ளரைக் கழற்றாதே. வேளைக்குச் சாப்பிடு. மேடைக்கு வெளிச்சம் வருவதற்கு முன்னால், இருட்டில் நிற்கும்போது, அவர் சொன்னதை ஒரு தடவை காதில் கேட்டுக்கொள்.

சாணி, என் கண்ணே. பதில் போடும்போது நன்றி என்று மட்டும் எழுதிவிடாதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
பாட்டி லெயோந்தின்