ஆள் எண்ணும் நாளில் நல்ல சேலை

அய்யாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? விடுதியில் எல்லாரும் தூங்கியபின் வார்டனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

இங்கிலீஷ் மிஸ் ‘கம்போர்ட்’ (comport) என்ற சொல்லைக் கொடுத்திருக்கிறார். எந்த நிலையிலும் மரியாதை குலையாமல் நடந்துகொள்வது என்று பொருள். ஆளுக்கொரு உதாரணம் எழுந்து சொல்ல வேண்டும். மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்து படிக்கும் கஜனி இன்று சொன்னாள்: “முகாமில எங்களை ஆள் எண்ண அதிகாரிமார் வரேக்க, அம்மா நல்ல சீலை உடுத்துத்தான் வரிசையில நிப்பா, மிஸ்.” சிரிக்கக் காத்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை என் முறை. சந்தையில் வியாபாரி நம் மிளகாயைக் காலால் தள்ளி, “ஏலே, அள்ளிட்டுப் போ” என்றபோது, நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டு, “போயிட்டு வாரேன் அண்ணாச்சி” என்றீர்களே, அதைத்தான் சொல்லப்போகிறேன். கோபிக்காதீர்கள்.

என்னைப் பார்க்க வரும்போது, நான் போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்று கொண்டுவாருங்கள். துவைக்க வேண்டாம். வார்டன் வருகிறார்.

உங்கள் மகள்
ஜெயப்பிரியா